பிராந்தியங்களின் உயிரி ஆற்றல் நுகர்வைக் காலவாரியாக ஒப்பிடுவது எப்படி?

விறகு, சாணம், பயிர் போன்ற உயிரினப் பொருள்களிலிருந்து கிடைக்கும் ஆற்றலே உயிரி ஆற்றல். இரண்டு பிராந்தியங்களின் உயிரி ஆற்றல் நுகர்வை எக்செல்லில் கோடுகளாக வரைவது அரைமணி நேர வேலைதான். ஆனால் ஒரு கோடு அடுப்பில் எரிந்த விறகையும் மற்றொன்று காரில் எரிந்த எத்தனாலையும் குறிக்குமானால், எது மேலே இருக்கிறது என்று பார்ப்பதில் பொருளில்லை.

படி 1: எதை எண்ணுகிறோம் என்று வரையறுங்கள்

விறகு, மரக்கரி, சாண வறட்டி, பயிர்க்கழிவு ஆகியவற்றைச் சாதாரண அடுப்பில் எரிப்பது மரபுவழிப் பயன்பாடு. எத்தனால், பயோடீசல், உயிரிவாயு, மரத்தூள் வில்லை ஆகியவை நவீனப் பயன்பாடு. இரண்டையும் கூட்டிவிடாமல் தனித்தனிப் பத்திகளில் வையுங்கள். 1975-இல் தொடங்கிய எத்தனால் திட்டத்தின் பயனாகப் பிரேசிலில் ஏறிய கோடும், மக்கள்தொகை பெருகியதால் சகாராவுக்குத் தெற்கிலுள்ள ஆப்பிரிக்காவில் ஏறிய விறகுக் கோடும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும், இரண்டுக்கும் காரணங்கள் முற்றிலும் வேறு. விறகடுப்பு போய்ச் சமையல் எரிவாயு வந்த இடத்தில் கோடு இறங்குவது நல்ல செய்தியாகவும் இருக்கலாம்.

படி 2: அலகை ஒன்றாக்குங்கள்

எல்லாவற்றையும் பெட்டாஜூல் என்னும் ஆற்றல் அலகுக்கு மாற்றுங்கள் (ஒரு பெட்டாஜூல் என்பது 10 லட்சம் கிகாஜூல்). 1 டெராவாட் மணி 3.6 பெட்டாஜூலுக்குச் சமம். 10 லட்சம் டன் எண்ணெய்ச் சமானம், அதாவது அவ்வளவு எண்ணெய் தரும் ஆற்றல், 41.868 பெட்டாஜூல். விறகு எடைக்கணக்கில் கிடைத்தால் ஈரப்பதத்தை அவசியம் பாருங்கள்: ஈரமே இல்லாத விறகு கிலோவுக்கு ஏறத்தாழ 18 மெகாஜூல் தரும் என்றால், எடையில் பாதி நீராக உள்ள பச்சை மரம் அதில் பாதியைக்கூடத் தருவதில்லை. சர்வதேச எரிசக்தி முகமை நிகர வெப்ப மதிப்பிலும் (எரியும்போது நீராவியோடு போகும் வெப்பத்தைக் கழித்தது), அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மொத்த வெப்ப மதிப்பிலும் (அதைக் கழிக்காதது) கணக்கிடுவதால், இரண்டின் அட்டவணைகளையும் அப்படியே ஒட்டவைக்காதீர்கள்.

படி 3: எல்லையை உறுதிசெய்யுங்கள்

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் 2020-இல் வெளியேறியது. இப்போதைய 27 நாடுகளையே எல்லா ஆண்டுகளுக்கும் கூட்டினால் கோட்டில் பொய்யான பள்ளம் விழாது.

படி 4: மக்கள்தொகையால் வகுங்கள்

ஒரு கற்பனைப் பிராந்தியத்தை எடுத்துக்கொள்வோம். 2000-இல் 2 கோடிப் பேர் 400 பெட்டாஜூலும், 2020-இல் 3.2 கோடிப் பேர் 480 பெட்டாஜூலும் பயன்படுத்தினார்கள் என்றால், மொத்த நுகர்வு 20 விழுக்காடு கூடியிருக்கிறது. ஆனால் தலா நுகர்வு 20 கிகாஜூலிலிருந்து 15-ஆக, அதாவது 25 விழுக்காடு குறைந்திருக்கிறது. 2000-ஐ அடிப்படை ஆண்டாக, 100 எனக் கொண்டால் குறியீட்டெண்கள் முறையே 120, 75. இரண்டையும் காட்டுங்கள், ஒன்றை மட்டும் காட்டுவது பாதி உண்மைதான்.

படி 5: வரைந்தபின் சந்தேகப்படுங்கள்

தரவில்லாத ஆண்டின் கட்டத்தை வெறுமையாக விடுங்கள், பூஜ்யம் இடாதீர்கள். நான் முதன்முதலில் வரைந்தபோது அப்படி இட்டுவிட்டு, ஒரு கண்டமே ஓராண்டு முழுவதும் அடுப்பு மூட்டவில்லை என்பதுபோன்ற வரைபடத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. காட்டில் பொறுக்கும் சுள்ளிக்கு ரசீது கிடையாது என்பதால், விறகு நுகர்வை எப்போதாவது நடக்கும் வீட்டுக் கணக்கெடுப்பிலிருந்தே மதிப்பிடுகிறார்கள். இடைப்பட்ட ஆண்டுகளைப் பல நாடுகள் மக்கள்தொகை வளர்ச்சியைக் கொண்டு நிரப்புகின்றன. தலா விறகு நுகர்வு பத்தாண்டுகளாக அசையாமல் நேர்கோடாக ஓடினால் அது பெரும்பாலும் இப்படி நிரப்பியதாகவே இருக்கும்; அந்த ஆண்டுகளைப் புள்ளிக்கோட்டால் வரையுங்கள்.