அமெரிக்காவின் வடக்கு டகோட்டா புல்வெளியில் பறவை பார்க்க: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வசந்தம் என்ற சொல்லை நம்பி ஏப்ரல் தொடக்கத்திலேயே கிளம்பிவிடுவது முதல் தவறு. நானும் ஒருமுறை அப்படிப் போனேன். குட்டைகளில் பனிக்கட்டி இன்னும் கரையவில்லை. வாத்துக் கூட்டங்கள் வந்திறங்கிக்கொண்டிருந்தன, ஆனால் புல்வெளியில் பாட ஒரு பெயர்ட் சிட்டு (Baird's Sparrow என்ற புல்வெளிக் குருவி) கூட இல்லை. வலசை வரும் வாத்துகளே போதும் என்றால் ஏப்ரல் நல்ல மாதம். புல்வெளிப் பறவைகளின் பாட்டு வேண்டுமா, மே கடைசியிலிருந்து ஜூன் பாதிக்குள் போங்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் மனவருத்தம் தருவது. வரைபடத்தில் பெயருள்ள பெரிய ஏரியைக் குறிவைத்துக்கொண்டு, வழியில் கிடக்கும் குட்டைகளை எட்டிக்கூடப் பார்க்காமல் வண்டியை விரட்டுகிறார்கள். 10,000 ஆண்டுகளுக்கு முன்பு பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது விட்டுப்போன பள்ளங்கள் இவை. 'பாட்ஹோல்' என்பது அங்கே வழங்கும் பெயர். சிலவற்றில் பனி உருகிய தண்ணீர் சில வாரங்களே நிற்கும். ஆழமில்லாததால் அந்தத் தண்ணீர்தான் முதலில் சூடேறுகிறது, புழு பூச்சிகளும் அங்கேதான் முதலில் பெருகுகின்றன. முட்டையிடப்போகும் பெட்டை வாத்துக்கு வேண்டிய புரதம் அதில் இருக்கிறது. நம் ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வரும் ஊசிவால் வாத்து, தட்டைவாயன் ஆகியவற்றின் அதே இனங்கள் இங்கே குடும்பம் நடத்துவதைப் பார்க்கலாம். (நம்மிடம் வருபவை ஆசியாவின் வடக்கிலிருந்து வருபவை.) வில்சன் பலரோப் என்ற சிறிய நீர்ப்பறவை அதே குட்டையில் பம்பரம்போலச் சுழன்று இரையை மேலே கிளப்பும். இதில் பளிச்சென்ற நிறம் பெண்ணுக்கு, அடைகாப்பது ஆண். நிறத்தை வைத்து ஆண், பெண் என்று குறிப்பேட்டில் மாற்றி எழுதிவிடாதீர்கள்.

குட்டையைக் கண்டதும் கதவைத் திறந்து இறங்குவதும் தவறுதான். ஆள் உருவம் தெரிந்த நொடியில் எல்லாம் பறந்துவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு உள்ளேயே இருந்தால், பத்து நிமிடத்தில் வண்டியும் நிலத்தின் ஒரு பகுதியாகிவிடுகிறது. மழை பெய்திருந்தால் சரளை போடாத மண் சாலைகளில் நுழையவே வேண்டாம். அந்தக் களிமண் சக்கரத்தைக் கவ்விக்கொள்ளும், உதவிக்கு ஆள் வர நேரமாகும்.

ஜூனில் ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். நிதானமாகக் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்பினால் காற்று எழுந்துவிடும், பிறகு பாட்டு காதில் விழாது. பாட்டு கேட்டும் பறவையைக் காணாமல் தவிப்பவர்கள் பெரும்பாலும் புல்லையே துழாவிக்கொண்டிருப்பார்கள். ஸ்பிராக் நெட்டைக்காலி தலைக்கு மேலே, வெறும் கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாத உயரத்தில், அரை மணிக்கும் மேலாகப் பாடிக்கொண்டே மிதக்கும். மல்லாந்து படுத்து பைனாகுலரால் வானத்தைத் தேடுங்கள். எழுந்ததும் உடம்பில் உண்ணி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கைபேசியில் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்காதீர்கள். எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி, இரை தேடவும் கூட்டைக் காக்கவும் வேண்டிய நேரத்தை ஆண் பறவை வீணாக்கும். புல்லுக்குள் இறங்கி நடப்பதிலும் கவனம் வேண்டும். வாத்துகள் பல தண்ணீரிலிருந்து வெகுதூரம் தள்ளிப் புல்லில்தான் கூடு வைக்கின்றன. மிரண்டு பெட்டை எழுந்தால் முட்டைகள் அப்படியே திறந்து கிடக்கும்.

கடைசியாக, 'டக் ஸ்டாம்ப்' வேட்டைக்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுவது. 1934 முதல் அமெரிக்க அரசு வெளியிடும் முத்திரை அது, விலை 25 டாலர். அந்தப் பணத்தில்தான் ஈரநிலங்களை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் காப்பாற்றுகிறார்கள். நீங்கள் வண்டியை நிறுத்திப் பார்த்த குட்டையும் அப்படித் தப்பிய ஒன்றாக இருக்கலாம். தபால் நிலையங்கள் பலவற்றில் கிடைக்கிறது, போகிற வழியிலேயே ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.