கைடுக்கு முன் கதை

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தின் இரண்டு தாள்களும் 2019-20 கல்வியாண்டில் 100 மதிப்பெண்ணுக்கான ஒரே தாளாக இணைக்கப்பட்ட பின்னரும், துணைப்பாடக் கதையைப் பாடநூலில் படிக்காமல் கைடிலுள்ள சுருக்கத்தை மனப்பாடம் செய்யும் வழக்கம் என் வகுப்பில் மாறவில்லை.

எனவே ஆண்டுத் தொடக்கத்திலேயே என் எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்லிவிட்டேன்: வீட்டில் இரண்டு பக்கங்களைப் படித்து, புரியாத இடங்களைப் பென்சிலால் கோடிட்டு வர வேண்டும், எல்லாச் சொற்களுக்கும் பொருள் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரிக்கு வரி தமிழில் சொல்வதை விட்டுவிட்டு, அந்தக் கோடிட்ட இடங்களிலிருந்தே பாடத்தைத் தொடங்கினேன். கேள்விகளும் கைடில் விடை கிடைக்காதவையாக இருந்தன: இந்தப் பாத்திரம் இங்கே ஏன் தயங்குகிறது, அது எந்த வரியில் தெரிகிறது? விடை பிசகினாலும் வரியைக் காட்டியவருக்குப் பாராட்டு உண்டு. வரியைக் காட்டாத சரியான விடையை நான் ஏற்கவில்லை. சில பெற்றோருக்கு இது கண்டிப்பாகப் பட்டது. எனக்கு அப்படித் தோன்றவில்லை.

உரக்க வாசிப்பதும் தொடர்ந்தது. ஆனால் முதலில் மௌனமாகப் படித்த பத்தியை மட்டுமே வாசிக்கச் சொன்னதால், மாணவர்களின் கூச்சம் பெரிதும் குறைந்தது. அரையாண்டுத் தேர்வில், பாடநூலில் இல்லாத பத்தியைப் படித்து விடையெழுதும் பகுதியைத் தொடாமல் விட்டவர்கள் வெகு சிலரே. கைடை முற்றிலும் கைவிட்டவர் என்று இன்னும் யாரும் இல்லை.