ஆத்தங்குடிக் கல் பதிக்கும்போது சுவரை நம்பாதீர்கள்

காரைக்குடிப் பக்கம் வீடு புதுப்பிக்கிறவர்கள், ஆத்தங்குடிக்குப் போய்த் தரைக்கல்லுக்குப் பூ டிசைன் தேர்ந்தெடுக்க நாள் கணக்கில் அலைவார்கள். பதிக்கும் வேலையை மட்டும் கொத்தனாரிடம் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். நேர்வரிசைதானே, இதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பு. கட்டம் கட்டமாக ஓடும் தரையில்தான் கோணல் சட்டென்று தெரியும்.

பெரிய தவறு, சுவரை ஒட்டி முதல் வரிசையைத் தொடங்குவது. அடுக்கடுக்காகச் சுண்ணாம்புப் பூச்சு ஏறிய பழைய சுவர் நேராக இருப்பது அபூர்வம். அதை ஒட்டிப் போனால் எதிர்ச்சுவரின் ஒரு முனையில் முழுக்கல் உட்காரும், மறுமுனையில் ஆப்பு மாதிரி துண்டு வைக்க வேண்டிவரும். வாசலின் நடுவிலிருந்து ஒரு நூல், அதற்குக் குறுக்கே இன்னொரு நூல் கட்டுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்திலிருந்து ஒன்றில் 3 அடி, மற்றதில் 4 அடி குறித்து, குறிகளுக்கு நடுவே அளந்தால் சரியாக 5 அடி வரவேண்டும். அப்போதுதான் நூல்கள் செங்கோணத்தில் இருக்கின்றன என்று அர்த்தம். பெரிய கூடமென்றால் 6, 8, 10 என்று வைத்துப் பாருங்கள், பிசகு இன்னும் தெளிவாகப் பிடிபடும். "கண்ணளவே போதும்ணே" என்று கொத்தனார் சொன்னாலும் டேப்பைக் கீழே வைக்காதீர்கள்.

அப்புறம், கலவை போடாமல் ஒரு வரிசையை வெறுமனே அடுக்கிப் பாருங்கள். 12 அடி அகலத்தில் 10 அங்குலக் கல் 14 போட்டால் 4 அங்குலம் மிஞ்சும். நடுவில் வைத்துப் பிரித்தால் இரு பக்கமும் 2 அங்குலத் துண்டு, பார்க்கவே அசிங்கம். 13 கல்லோடு நிறுத்தினால் பக்கத்துக்கு 7 அங்குலம் கிடைக்கும். பார்டர் வைக்கிறவர்கள் பார்டருக்கும் சுவருக்கும் இடையே ஒரே நிறக் கல்லை ஓட்டலாம். சுவரின் கோணலை அது விழுங்கிவிடும். பூவையோ பார்டரையோ மட்டும் வெட்டக் கூடாது.

இது கண்ணாடிமேல் கையால் வார்த்த சிமெண்ட் கல். சூளையில் சுட்டதல்ல. அளவு கொஞ்சம் முன்பின் இருக்கும். கல்லுக்கு 1 மில்லிமீட்டர் கூடினாலும் 14 கல்லில் அரை அங்குலத்தைத் தாண்டிவிடும். அதனால் முன்கூட்டியே அளவு பார்த்துப் பிரித்து வையுங்கள். காய்ந்த கல் கலவையின் ஈரத்தை உறிஞ்சிவிடும், நனைத்துத்தான் பதிக்க வேண்டும். கல்லின் நாலு மூலையில் மட்டும் கலவை உருண்டை வைத்து அமுக்கும் வேலையே வேண்டாம். நடுவில் பொள்ளலாகி, பீரோ கால் அழுத்தும் நாளில் விரிசல் விடும்.

கலவைக் கறையை ஆசிட் ஊற்றிக் கழுவுவதை என்னால் மன்னிக்கவே முடியாது. பளபளப்பும் நிறமும் இருப்பது மேலே உள்ள மெல்லிய சிமெண்ட் அடுக்கில்தான், ஆசிட் அதை அரித்துவிடும். ஈரமாக இருக்கும்போதே ஸ்பாஞ்சால் துடைத்துவிடுங்கள். பெயிண்ட் வேலையைத் தரைக்கு முன்பே முடித்துவிடுவது நல்லது. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, துணியில் துளி தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.