கோடை விடுமுறையில் புல் வெட்டிச் சம்பாதிக்க

அமெரிக்கப் புறநகரில் வளரும் பதின்வயதுப் பிள்ளைகள் கைச்செலவுக்குச் சம்பாதிக்கப் பக்கத்து வீட்டுப் புல்தரையிலிருந்தே தொடங்கலாம். புது மெஷின் வாங்க ஓட வேண்டாம். வீட்டில் இருப்பதே போதும், பிளேடு மட்டும் கூராக இருக்கட்டும். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாது, பிய்க்கும். இரண்டொரு நாளில் நுனியெல்லாம் பழுப்பாகிவிடும். அப்புறம் அந்த வீட்டுக்காரர் கூப்பிடவே மாட்டார்.

ஒரே தடவையில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டாதீர்கள். "நல்லா ஒட்ட வெட்டிடுப்பா" என்பார்கள். வெயிலில் காய்ந்துபோனால் பழி உங்கள் மேல்தான். ஈரப் புல்லில் இறங்க வேண்டாம், கால் வழுக்கும், வெட்டிய புல் மெஷின் அடியில் அப்பிக்கொள்ளும். தொடங்கும் முன் கல், பொம்மை, நாய் கடித்துப் போட்ட எலும்பு ஏதாவது கிடக்கிறதா என்று ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஷூவும் பாதுகாப்புக் கண்ணாடியும் கட்டாயம்.

தள்ளும் மெஷினுக்கு 12 வயது, உட்கார்ந்து ஓட்டுவதற்கு 16 ஆக வேண்டும் என்பது அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர்கள் அமைப்பின் பரிந்துரை.

கூலியை மணிக்கணக்கில் பேசாமல், ஒரு தோட்டத்துக்கு இவ்வளவு என்று பேசுங்கள். செலவு போக ஆண்டு வருமானம் 400 டாலரைத் தொட்டால் வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டியிருக்கும், அதனால் பெட்ரோல் ரசீதுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.