விக்கிப்பீடியாவுக்குத் தொழில்நுட்ப உதவி செய்ய ஆசையா? இப்படித் தொடங்குங்கள்

விக்கிப்பீடியா என்றாலே கட்டுரை எழுதுவதுதான் என்று நினைத்து, "எனக்கு எழுத வராது, கொஞ்சம் பைத்தான்தான் தெரியும்" என்று ஒதுங்கிவிடுகிறவர்கள் நிறையப் பேர். உண்மையில் அவர்களுக்கு அங்கே நிறைய வேலை காத்திருக்கிறது. தளத்தை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளை விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து எழுதுகிறார்கள். ஆனால் பக்கங்களைத் தானாகவே திருத்தும் நிரல்களான தானியங்கிகள் (bots), சின்னச் சின்னக் கருவிகள், நாசவேலையைப் பிடிக்கும் வடிகட்டிகள் எல்லாம் பெரும்பாலும் தன்னார்வலர்கள் கையில்தான் இருக்கின்றன.

1. முதலில் ஒரு பயனராக இருங்கள்

கணக்குத் தொடங்கி, சில வாரங்கள் பக்கங்களைக் கையால் தொகுங்கள், அதாவது திருத்துங்கள். அண்மைய மாற்றங்கள் பக்கத்தைப் பாருங்கள், பயனர்கள் பொதுவாகக் கலந்துபேசும் ஆலமரத்தடி என்ற பக்கத்தில் நடக்கும் பேச்சைப் படியுங்கள். எந்த வேலையை யார் சலிக்காமல் திரும்பத் திரும்பக் கையால் செய்துகொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும், உங்கள் நிரல் உதவ வேண்டிய இடம் அதுதான். யாரும் கேட்காத கருவியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது தூசு படிந்து கிடக்கும்.

2. நிரல் தெரியாதா? மொழிபெயர்ப்பு இருக்கிறது

மீடியாவிக்கியின் பொத்தான்கள், எச்சரிக்கைகள் எல்லாம் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில்தான் மொழிபெயர்க்கப்படுகின்றன. செய்திகளுக்கு நடுவே $1 போன்ற குறிகள் வரும், பெயரோ எண்ணோ பிறகு வந்து நிரம்பும் இடங்கள் அவை, அவற்றை நீக்காமல் சரியான இடத்தில் வையுங்கள். அவ்வளவுதான்.

3. முதல் தானியங்கி

இங்கே அவசரப்படக் கூடாது. ஒரு வார்ப்புருவின் (பல பக்கங்களில் அப்படியே சேர்க்கப்படும் பொதுத் துண்டு) பெயர் மாறிவிட்டது, அதைப் பயன்படுத்தும் நூற்றுக்கணக்கான பக்கங்களிலும் மாற்ற வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இதற்குப் பைவிக்கிபாட் என்ற பைத்தான் நூலகம் இருக்கிறது. கணினியில் எதையும் நிறுவ வேண்டாம், பாவ்ஸ் என்ற விக்கிமீடியா சேவையில் உலாவியிலேயே அதை இயக்கலாம். அங்கே நீங்கள் எழுதும் கோப்புகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் கடவுச்சொல்லை மட்டும் எதிலும் எழுதிவிடாதீர்கள்.

முதலில், எதையும் மாற்றாமல், எந்தெந்தப் பக்கங்கள் சிக்குகின்றன என்று பட்டியல் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தப் பட்டியலைக் கண்ணால் பாருங்கள், எதிர்பாராத பக்கம் ஏதாவது ஒன்று நிச்சயம் இருக்கும், பேச்சுப் பக்கத்தில் யாரோ எடுத்துக்காட்டாகப் போட்ட வார்ப்புருவாகக்கூட இருக்கலாம். அப்புறம் மணல்தொட்டி என்ற பழகிப்பார்க்கும் பக்கத்தில் சோதியுங்கள். அதுவும் சரியாக வந்தால் தானியங்கிக்கென்று தனிக் கணக்குத் தொடங்கி (பாவ்ஸிலும் அந்தக் கணக்கிலேயே நுழையுங்கள்), அந்த விக்கியின் தானியங்கி அனுமதிப் பக்கத்தில் என்ன செய்யப் போகிறீர்கள், எத்தனை பக்கங்கள், ஏன் என்று எழுதி விண்ணப்பியுங்கள். விதிகள் விக்கிக்கு விக்கி மாறும். பெரும்பாலும் சில சோதனைத் தொகுப்புகளைப் பார்த்துவிட்டுத்தான் அனுமதி தருவார்கள். அது தடையல்ல, தவறான ஒரு வரி சில நிமிடங்களில் எத்தனை பக்கங்களைக் கெடுக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்னும் இரண்டு விஷயங்கள். நூலகம் இல்லாமல் நேரடியாக ஏபிஐயை (நிரல்கள் தளத்தோடு பேசும் வழி) அழைத்தால், அழைப்பது யார் என்று சொல்லும் யூசர்-ஏஜென்ட் வரியில் உங்களைத் தொடர்புகொள்ளும் வழியைக் கொடுங்கள், மேக்ஸ்லேக் (maxlag) அளவுருவையும் சேருங்கள், தரவுத்தளத்தின் பிரதிகள் பின்தங்கும்போது உங்கள் நிரல் காத்திருக்கும். தானியங்கியின் பேச்சுப் பக்கத்தில் யாராவது ஏதாவது எழுதினால் அது உடனே நின்றுவிடும்படியும் செய்யுங்கள். மற்றவர்கள் உங்களை நம்புவதற்கு இந்த ஒரு ஏற்பாடு போதும் என்பேன்.

4. கருவியைத் தனியாக வைத்திருக்காதீர்கள்

தினமும் ஓட வேண்டிய நிரலை, விக்கிமீடியாவின் வழங்கிகளில் கருவிகளை இயக்க இடம் தரும் டூல்ஃபோர்ஜில் இலவசமாக ஓடவிடலாம். நிரல் திறமூல உரிமத்தில் (யாரும் பார்த்து, மாற்றி, பயன்படுத்தலாம் என்ற அனுமதி) இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. முதல் நாளே உரிமத்தைப் போடுங்கள், எப்படி இயக்குவது என்று அரைப் பக்கம் எழுதுங்கள், இன்னொருவரை இணைப் பராமரிப்பாளராகச் சேருங்கள். ஒரே ஒருவர் கையில் இருக்கும் கருவி, அவருக்கு வேலை மாறினாலோ குழந்தை பிறந்தாலோ நின்றுவிடுகிறது, அதை நம்பியிருந்தவர்கள் மறுபடி கையால் செய்யத் தொடங்குகிறார்கள். புதிதாக எழுத எதுவும் தோன்றவில்லை என்றால், இப்படிக் கைவிடப்பட்ட ஒன்றை எடுத்து நடத்துங்கள், புதிதாக ஒன்று எழுதுவதைவிட அதுவே பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன்.

5. மீடியாவிக்கிக்குள் போக

வழுக்களும் (மென்பொருள் பிழைகள்) கோரிக்கைகளும் ஃபேப்ரிகேட்டர் என்ற பணிப்பட்டியல் தளத்தில் இருக்கின்றன. புதியவர்களுக்கான எளிய வேலைகளுக்குத் தனிக் குறிச்சொல் (tag) உண்டு, அதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மீடியாவிக்கி பிஎச்பி என்ற நிரல்மொழியில் எழுதப்பட்டது. திருத்தத்தை, நிரல் மாற்றங்களைச் சரிபார்க்கும் கெரிட் தளத்தில் சமர்ப்பித்தால் மற்றவர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். பதில் வரத் தாமதமாகலாம். திருத்தம் சின்னதாக இருந்தால் சீக்கிரம் படிப்பார்கள்.

அதிகாரம் கேட்டு அவசரப்படாதீர்கள். தளம் முழுக்க ஓடும் ஜாவாஸ்கிரிப்டைத் திருத்தும் உரிமையை 2018இல் சாதாரண நிர்வாகிகளிடமிருந்தே எடுத்து, இடைமுக நிர்வாகிகள் என்ற தனிக் குழுவிடம் கொடுத்துவிட்டார்கள், ஏனென்றால் அந்த நிரல் வருகிற ஒவ்வொரு வாசகரின் உலாவியிலும் ஓடும். உங்கள் பயனர் கணக்கின் கீழுள்ள ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் எழுதினால் அது உங்களுக்கு மட்டும்தான் ஓடும், அங்கே தாராளமாகப் பழகலாம். நன்றாக வந்தால், மற்றவர்களும் விரும்பினால் எடுத்துக்கொள்ளும்படி ஆலமரத்தடியில் சொல்லுங்கள்.