வீடிழந்த கதையை ஆற்றுகையாக்கும்போது

இலங்கையின் வடக்கே வன்னியில், போரில் வீடிழந்தவர்களோடு சேர்ந்து ஆற்றுகை (நாடகம்) செய்யப் போகிறவர்கள் பெரும்பாலும் செல்லடியில்தான், அதாவது எறிகணை வீச்சில்தான், தொடங்குகிறார்கள். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு சனசமூக நிலையத்தில் ஒத்திகை. பறையில் திடீரென்று ஓங்கி ஒரு அடி. பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர், பேரனின் தலையை அமுக்கிக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டார். பேரன் சிரித்தான், அவனுக்கு விளங்கவில்லை. அவர் எழும்பி, சேலையைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். பிறகு வரவேயில்லை. வெடிச்சத்தமும் திடீர் இருட்டும் சீருடையும் வேண்டாம். தவிர்க்கவே முடியாது என்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், எழும்பிப் போக வழி விட்டு ஆட்களை இருத்துங்கள்.

அடுத்தது, அழுகையைத் தேடிப் போவது. 'என்ன நடந்தது?' என்று கேட்டால் இடம்பெயர்ந்து போன ஊர்ப்பெயர்கள் வரிசையாக வரும்: தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, இரணைப்பாலை, மாத்தளன், முள்ளிவாய்க்கால், பிறகு செட்டிகுளம் முகாம். வந்தவர் போனவர் எல்லோருக்கும் சொல்லித் தேய்ந்த பதில் அது. 'வெளிக்கிடும்போது வீட்டில் எதை முதலில் கழற்றினீர்கள்?' என்று கேட்டுப் பாருங்கள். 2008இல் பலர் கூரைத் தகரத்தையும் கதவுகளையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு ஐயா செய்தே காட்டினார். ஆணியைப் பிடுங்கி, கல்லில் வைத்துத் தட்டி நிமிர்த்தி, சேட்டுப் பைக்குள் போட்டார். கையில் ஆணியும் இல்லை, சுத்தியலும் இல்லை. அடுத்த இடத்தில் கொட்டில் போட அந்த ஆணி வேண்டும். 'தகரத்தை ஒராள் பிடிக்க வேணும்' என்று இரண்டு பெண்கள் எழும்பி வந்தார்கள். எழுதி வைத்திருந்த வசனம் அத்தனையையும் விட்டுவிட்டோம்.

கதை, போர் முடிந்த 2009 மேயில் முடிந்துவிட்டது என்று நினைப்பதும் தவறு. 2012 செப்டம்பரில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் மூடப்பட்டபோது முல்லைத்தீவின் கேப்பாப்புலவு மக்கள் ஊருக்குப் போகவில்லை. அவர்களின் காணியில் இராணுவம் இருந்தது. 2017இல் அவர்கள் படைமுகாம் வாசலில் தொடர் போராட்டத்தில் இருந்தார்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களுக்கோ 'வீட்டை விட்டு வந்தது' என்றால் வேறு ஊர், வேறு ஆண்டு. எல்லோருக்கும் ஒரே கதையைப் போட்டுவிடாதீர்கள்.

காணிக் கந்தோர் (நில அலுவலகம்) காட்சி போட்டால், பிரேசில் நாடகக்காரர் அகஸ்தோ போவால் காட்டிய வழியில், பார்ப்பவர் நிறுத்தி உள்ளே வந்து மாற்றிப் பார்க்க இடம் விடுங்கள். சனம் யோசிக்கும் அந்த அமைதியில் நெறியாளர் பதில் சொல்லிவிடக் கூடாது. நானே பலமுறை அப்படிப் பதில் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் காட்சி அங்கேயே செத்துப்போனது.

வெள்ளாண்மை வெட்டு நாளிலும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் கிழமையிலும் ஒத்திகை வைக்காதீர்கள். கூலிக்குப் போகிறவரைக் கூப்பிட்டால் அன்றைய கூலியைக் கொடுங்கள்.

ஊருக்குள் ஆடத் தந்த சம்மதம் வெளியூருக்குச் செல்லாது. ஆணிக் காட்சியை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோகலாமா என்று அந்த ஐயாவிடம் திரும்பக் கேட்டோம். இரண்டு நாள் கழித்துச் சொன்னார்: 'ஆணி நிமிர்த்துறதைக் காட்டுங்கோ. என்ர ஊர்ப்பேரை மட்டும் சொல்லாதேங்கோ.'