பத்திரிகைக்குக் கருத்துக் கட்டுரை அனுப்புவது எப்படி? கட்டுரையை விட மெயில் முக்கியம்

கட்டுரை எப்படி எழுதுவது என்று இங்கே சொல்லப்போவதில்லை. உங்களிடம் ஒரு கருத்து இருக்கிறது, ஓரளவு எழுதவும் வரும் என்று வைத்துக்கொள்கிறேன். அதை ஆசிரியர் குழு திறந்து படிக்கும்படி அனுப்புவது எப்படி என்பது மட்டும்தான் இந்தப் பதிவு.

1. முதலில் பக்கத்தைப் படியுங்கள்

அனுப்ப நினைக்கும் பத்திரிகையின் கருத்துப் பக்கத்தை ஒரு இரண்டு வாரத்துக்குத் தொடர்ந்து பாருங்கள். முக்கியமாகக் கட்டுரையின் கடைசியில் உள்ள 'கட்டுரையாளர்' குறிப்பைப் பாருங்கள். எல்லாக் கட்டுரையும் அந்த நிறுவனத்துப் பத்தியாளர்களே எழுதியது என்றால், அங்கே உங்களுக்கு இடம் கிடைப்பது கஷ்டம். ஆசிரியர், மருத்துவர், ஓய்வுபெற்ற அதிகாரி, மாணவர் என்று வெளியாட்கள் வருகிறார்களா? அப்படியானால் முயற்சி செய்யலாம்.

(தலையங்கத்துக்கு எதிரே உள்ள பக்கத்தை வெளியாட்களுக்குத் திறந்துவிடும் வழக்கத்தைப் பிரபலமாக்கியது நியூயார்க் டைம்ஸ். 1970 செப்டம்பர் 21 அன்று அங்கே அந்தப் பக்கம் தொடங்கியது. அதில் வரும் கட்டுரைகளுக்கு இருந்த 'ஆப்-எட்' (Op-Ed) என்ற பெயரை 2021இல் மாற்றி 'விருந்தினர் கட்டுரை' என்று ஆக்கிவிட்டார்கள்.)

நீளத்தையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஆங்கில நாளிதழ்களில் 600 முதல் 800 சொற்கள் என்பது பொதுவான அளவு. தமிழில் இந்தக் கணக்கு உதவாது. வேற்றுமை உருபு, துணைவினை எல்லாம் ஒட்டிக்கொண்டு வருவதால் அதே விஷயம் குறைவான சொற்களில் முடிந்துவிடும். அந்தப் பத்திரிகையில் வந்த இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்து எண்ணிப் பார்ப்பதுதான் சரியான வழி.

2. மறுக்க ஆள் இருக்கிறதா?

'மரம் வளர்க்க வேண்டும்' என்பதை யாரும் மறுக்கப் போவதில்லை. எனவே அது கருத்துக் கட்டுரை ஆகாது. விவரம் தெரிந்த ஒருவர் 'இல்லை, நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்' என்று சொல்ல வாய்ப்பிருந்தால்தான் கட்டுரைக்கு வேலை.

3. ஏன் இன்றைக்கு?

புதுச் சட்டம், தீர்ப்பு, அறிக்கை, விபத்து என்று ஏதாவது ஒரு செய்தியில் கட்டுரையைக் கட்ட வேண்டும். செய்தி வந்த அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவது நல்லது. மூன்றாம் நாள் ஏற்கெனவே நாலு பேர் எழுதியிருப்பார்கள். ஜூன் 5 சுற்றுச்சூழல் தினம், ஏப்ரல் 7 சுகாதார தினம் மாதிரி முன்கூட்டியே தெரிந்த நாட்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னாலேயே அனுப்புங்கள். அன்று காலையில் அனுப்பினால் அன்றைய பக்கம் ஏற்கெனவே அச்சாகி வந்திருக்கும்.

4. மெயில்

நான் அதிகம் திணறியது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கருத்துப் பக்கத்தைப் பார்க்கும் துணையாசிரியருக்கு உங்கள் மெயிலுக்காக ஒதுக்க அரை நிமிடம் இருந்தாலே பெரிது. 'மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் நாளிதழின் நீண்டகால வாசகன் நான்' என்று தொடங்கினால் அந்த அரை நிமிடம் அதிலேயே போய்விடும்.

பொருள் வரியில் மூன்று விஷயம் போதும்: இது கட்டுரை என்பது, தலைப்பு, அவசரம் இருந்தால் தேதி. 'கட்டுரை: பேருந்து நிறுத்தத்தில் விளம்பரத்துக்கு முன் நிழல் வேண்டும் (வெப்ப எச்சரிக்கை தொடர்பாக)' என்பது போல.

உள்ளே நாலைந்து வரி. முதல் வரியில் வாதம், இரண்டாவதில் ஏன் இப்போது, மூன்றாவதில் நீங்கள் யார். உதாரணம்:

"வணக்கம். பேருந்து நிறுத்தங்களை விளம்பர வருமானத்தை வைத்து வடிவமைப்பதை நிறுத்த வேண்டும் என்று இந்தக் கட்டுரையில் வாதிடுகிறேன். இந்த வாரம் வெளியான வெப்ப எச்சரிக்கையை ஒட்டி எழுதியது. 15 ஆண்டுகளாக நடத்துநராகப் பணிபுரிகிறேன். கட்டுரை வேறு எங்கும் வெளியாகவில்லை, வேறு எவருக்கும் அனுப்பவும் இல்லை. கீழே முழுவதும் உள்ளது."

'யார் நீங்கள்' என்பதில் பட்டங்களை அடுக்க வேண்டாம். அந்த விஷயத்தோடு உங்களுக்கு என்ன தொடர்பு என்பதுதான் கேள்வி. மேலே உள்ள உதாரணத்தில் முனைவர் பட்டத்தை விட நடத்துநர் வேலைக்கு மதிப்பு அதிகம். அதே தொடர்பில் சொந்த ஆதாயம் இருந்தால், அதாவது நிழற்கூரை செய்யும் நிறுவனத்தில் உங்களுக்குப் பங்கு இருந்தால், அதையும் இங்கேயே சொல்லிவிடுங்கள். பின்னால் தெரியவந்தால் அந்தப் பத்திரிகைக் கதவு மூடியதுதான்.

கட்டுரையை மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள், யூனிகோடில். கூடவே ஒரு வேர்டு கோப்பும் இருக்கட்டும். பிடிஎஃப் மட்டும் அனுப்பவே கூடாது. அதிலிருந்து தமிழை நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிக் கந்தலாகிவிடும். கூகுள் டாக்ஸில் எழுதுவது எனக்குப் பிடிக்கும், ஆனால் அதன் இணைப்பை அனுப்பமாட்டேன். அனுமதி கேட்டு நிற்கும் கோப்பை யாரும் துரத்திக்கொண்டு வரமாட்டார்கள். புள்ளிவிவரங்களுக்கான ஆதார இணைப்புகளைக் கட்டுரைக்குக் கீழே தனியாகப் போடுங்கள். அச்சில் வராது, சரிபார்ப்பவர்களுக்கு உதவும்.

5. ஒரு நேரத்தில் ஒரே இடம்

இரண்டு பத்திரிகைக்கு ஒரே கட்டுரையை அனுப்பி இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு ஆசிரியர்களும் உங்களை மறக்கமாட்டார்கள், நல்லவிதமாக அல்ல. அதற்காகப் பதிலே வராமல் காத்துக்கொண்டே இருக்கவும் வேண்டாம். செய்தியை ஒட்டிய கட்டுரை என்றால் மூன்று வேலைநாள், மற்றதுக்கு ஒரு வாரம் போதும். அப்புறம் "இதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், நன்றி" என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த இடம். அந்த ஒரு வரிக்கு உடனே பதில் வருவதும் உண்டு!

6. எடுத்துக்கொண்டால்

தலைப்பை அவர்கள்தான் வைப்பார்கள். வெட்டவும் செய்வார்கள். அழகான வாக்கியம் போனதற்குச் சண்டை போடாதீர்கள். பொருள் மாறியிருந்தால் விடாதீர்கள். சன்மானம் உண்டா, பிறகு உங்கள் தளத்தில் போடலாமா என்பதை அச்சாகும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பிற்சேர்க்கை: படித்தவர்கள் கேட்ட இரண்டு

ஃபேஸ்புக்கில் போட்டதை அனுப்பலாமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலான பத்திரிகைகள் அதை ஏற்கெனவே வெளியானதாகத்தான் எடுத்துக்கொள்ளும். பதிவை நீக்கிவிட்டு அனுப்புவதும் சரியல்ல. அதே கருத்தைப் புதிதாக எழுதுங்கள்.

ஆராய்ச்சி மாணவர் ஒருவர் 'தி கான்வர்சேஷன்' பற்றிக் கேட்டார். 2011இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய தளம் அது. அங்கே நடைமுறை வேறு. பல்கலைக்கழகத்தையோ ஆய்வு நிறுவனத்தையோ சேர்ந்தவர்கள்தான் எழுத முடியும். முழுக் கட்டுரையை அனுப்பாமல் முதலில் யோசனையை மட்டும் அவர்கள் படிவத்தில் அனுப்ப வேண்டும். திருத்திய வடிவத்துக்கு நீங்கள் ஒப்புதல் தந்த பிறகே வெளியிடுவார்கள்.